ஓடும்போது தண்ணியை எங்கே வைப்பது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் சாம்பிள் செக்‌ஷன் சூப்பர்வைசர். விடிகாலையில் ஓடுகிறவர்.

போன மாதம் ஷூவைப் பற்றிக் கேட்டவர்கள் இந்த மாதம் பைக்கு வந்துவிட்டார்கள். பாட்டில், பெல்ட், வெஸ்ட், செல்போன், சாவி என்று வந்த கடிதங்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பார்ப்பது தையல்காரியின் பார்வை. பையில் எத்தனை பாக்கெட் என்று எண்ணிக்கொண்டிருக்க மாட்டேன். நிறைத்துக் கட்டினால் ஆடுகிறதா, தையல் உடம்பில் எங்கே படுகிறது, இவ்வளவுதான் பார்ப்பேன்.

*அக்கா, நான் தினமும் காலையில் 5 கிலோமீட்டர் மெதுவாக ஓடுகிறேன். என் பிறந்தநாளுக்கு முதுகில் மாட்டுகிற 2 லிட்டர் தண்ணீர்ப் பை வாங்கித் தருவதாக வீட்டுக்காரர் சொல்கிறார். வாங்கிக்கொள்ளட்டுமா?*
— வாசகி, ஈரோடு

வேண்டாம் என்று சொல்லிவிட்டு அந்தக் காசுக்கு நல்ல ஷூவாகக் கேளுங்கள். 5 கிலோமீட்டரை முக்கால் மணி நேரத்துக்குள் முடித்துவிடுவீர்கள். எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர், திரும்பி வந்ததும் வேண்டிய மட்டும் தண்ணீர், அது போதும். 2 லிட்டர் தண்ணீர் என்றால் 2 கிலோ. 5 கிலோமீட்டருக்கு 2 கிலோவை எதற்கு முதுகில் சுமக்க வேண்டும்? சித்திரை, வைகாசியில் வெக்கை தாங்காமல் போனால் அரை மணி முன்னதாகக் கிளம்புங்கள். அப்போதும் நாக்கு வறண்டால் கையில் கால் லிட்டர் பாட்டில் ஒன்று போதும்.

*ஜனவரியில் அரை மராத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அழகர்கோவில் ரோட்டில் 15 முதல் 18 கிலோமீட்டர் வரை ஓடுகிறேன். கைப் பாட்டில், இடுப்பு பெல்ட், வெஸ்ட் மூன்றையும் பார்த்துக் குழம்பிப் போய் நிற்கிறேன். எது வாங்குவது?*
— வாசகர், மதுரை

முதலில் ஒரு கணக்கு. சாதாரணமாக ஓடுகிறவருக்கு நிமிடத்துக்கு 160, 170 அடி விழும். மணிக்கு ஏறத்தாழ 10,000 அடி. உங்கள் மேல் தொங்குகிற எதுவும் அத்தனை தடவை குதிக்கும். கடையில் நின்ற இடத்தில் மாட்டிப் பார்க்கும்போது சொகுசாகத் தெரிகிற பெல்ட், எட்டாவது கிலோமீட்டரில் கழற்றி வாய்க்காலில் எறியத் தோன்றுவது இதனால்தான். ஆகவே வாங்கும்போது அது ஆடுகிறதா என்பதை மட்டும் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

கைப் பாட்டில் என்றால் உள்ளங்கைக்கு வார் வைத்தது. 300, 500 மில்லி அளவில் கிடைக்கும். வார் புறங்கையைப் பிடித்துக்கொள்வதால் விரலால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. இறுக்கிப் பிடித்தால் முழங்கை, தோள், கழுத்து என்று விறைப்பு மேலே ஏறும். ஒரே கையில் வைத்துக்கொண்டு ஓடினால் அந்தப் பக்கத்துக் கை வீச்சு குறையும். கால் மணிக்கு ஒரு தடவை கை மாற்றுங்கள். 10 கிலோமீட்டர் வரைக்கும் என் வாக்கு இதற்குத்தான். விலையும் குறைவு, கழுவுவதும் சுலபம்.

இடுப்பு பெல்ட்டில் இரண்டு ஜாதி. முதுகுக்குப் பின்னால் ஒரே பெரிய பாட்டிலைச் செருகுவது ஒன்று. அந்தப் பக்கமே போகாதீர்கள். அரைக் கிலோ ஒரே இடத்தில் தொங்கும், ஓட ஓட பெல்ட் மேலே ஏறி வயிற்றில் வந்து நிற்கும். 200, 250 மில்லி குப்பிகளை இரண்டு பக்கமும் பிரித்து வைப்பது இன்னொன்று. இது பரவாயில்லை. ஆனால் பெல்ட் உட்கார வேண்டிய இடம் இடுப்பெலும்பு. பேண்ட் கட்டுகிற இடத்தில், தொப்பைக்கு மேலே கட்டிக்கொண்டு ‘ஏறுகிறது, ஏறுகிறது’ என்று புலம்புகிறவர்கள்தான் அதிகம்.

வெஸ்ட் என்பது கையில்லாத பனியன் மாதிரி உடம்போடு ஒட்டி உட்காருவது. நெஞ்சில் இரண்டு பக்கமும் 500 மில்லி மெத்துப் பாட்டில்கள். குடிக்கக் குடிக்கப் பாட்டில் சுருங்கிவிடுவதால் உள்ளே காற்று நிற்காது. காற்று நிற்காததால் ‘சளக் சளக்’ சத்தமும் வராது. பாரம் முன்னும் பின்னும் பிரிந்துவிடுவதால் ஆட்டம் மிகக் குறைவு. நம் ஊர் வெயிலுக்கு ஒரு குறை உண்டு, முதுகு அவிந்து போகும். முதுகுப் பக்கம் வலைத்துணியா என்று விரலை உள்ளே விட்டுப் பாருங்கள். வெளியே வலை, உள்ளே ஸ்பான்ச் வைத்த மாடல்களும் உண்டு. ஸ்பான்ச் வியர்வையைக் குடித்துக் கனத்துப் போகும்.

கடையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கூச்சப்படாதீர்கள். வெஸ்ட்டை உள்புறம் திருப்புங்கள். கழுத்தோரம், அக்குள் ஓரம் தையல் எப்படி இருக்கிறது? ஓவர்லாக் விளிம்பு அப்படியே தடித்து நின்றால் ஒரு மணி நேரத்தில் தோலை அறுக்கும். பிளாட்லாக் அடித்துத் தட்டையாக இருக்க வேண்டும், அல்லது மேலே மெல்லிய நாடா வைத்து மூடியிருக்க வேண்டும். கட்டை விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். விரலுக்குத் தட்டுப்பட்டால் அக்குளுக்கும் தட்டுப்படும். பிறகு வார்கள் உடம்புத் துணியோடு சேருகிற இடம். அங்கே நெருக்கமாகக் குறுக்கே அடித்த பார்டேக் தையல் இருக்க வேண்டும். சும்மா ஒரு வரித் தையல் மட்டும் இருந்தால் அந்த வார் மழைக்காலம் வரை வராது. கடைசியாக, உங்கள் தண்ணீர்ப் பாட்டிலையே அதில் செருகி மாட்டிக்கொண்டு பத்துத் தடவை குதியுங்கள். மூச்சை நன்றாக இழுத்தால் நெஞ்சு வார் அழுத்தக் கூடாது. விட்டால் தொளதொளக்கக் கூடாது. அதற்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடைக்குப் போங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பந்தய நாளுக்கு எதுவும் வேண்டாம். பெரும்பாலான ஊர்களில் 2, 3 கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல் இருக்கும். 2018-ல் பெர்லின் மராத்தானில் கென்ய வீரர் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 39 விநாடியில் அன்றைய உலக சாதனை ஓடியபோது, ஒரு தன்னார்வலர் சைக்கிளில் முந்திப் போய் நின்று நின்று அவர் கையில் பாட்டிலைக் கொடுத்தார். நமக்கு சைக்கிள்காரர் கிடையாது; ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்துக்குத்தான் வழி தேட வேண்டும். அழகர்கோவில் ரோட்டில் டீக்கடைகளுக்குப் பஞ்சமா? போகிற வழியில் ஒரு கடையில் சொல்லி ஒரு பாட்டிலை வைத்துவிட்டுப் போங்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்ளலாம். அல்லது வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு 5 கிலோமீட்டர் சுற்றாகச் சுற்றி வாருங்கள்; பாட்டில் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். இரண்டும் ஒத்துவராது என்றால், இரண்டு குப்பி பெல்ட். முழு மராத்தான் ஆசை இருந்தால் மட்டும் இப்போதே வெஸ்ட் வாங்குங்கள்.

*பெசன்ட் நகர் பக்கம் தனியாக ஓடுகிறேன். செல்போன் இல்லாமல் வெளியே அனுப்ப அம்மாவுக்கு மனசில்லை. போன், சாவி, கொஞ்சம் பணம் எல்லாவற்றையும் எங்கே வைப்பது? தாலிக்கொடி வேறு குதித்துக் குதித்துக் கழுத்தை அறுக்கிறது.*
— வாசகி, சென்னை

அம்மா சொல்வது சரி. போன் கட்டாயம் வேண்டும்.

நம் பாட்டிமார்கள் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு களையெடுக்கப் போனார்களே, அதே சூத்திரம்தான் இதற்கும்: பாரம் உடம்பின் நடுவில், இறுக்கமாக, தட்டையாக. இன்றைக்கு அது குழாய் மாதிரி தைத்த லைக்ரா பெல்ட். கொக்கி, ஜிப் அதிகம் இல்லாமல் கால் வழியாக ஏற்றி இடுப்பெலும்பில் நிறுத்துவது. போன் இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்பின் கீழ்க்குழிவில் படுக்கை வாட்டில் இருந்தால் அசையவே அசையாது. திரை உடம்புப் பக்கம் இருக்கட்டும். ஆனால் போனை வெறுமனே வைக்காதீர்கள். சென்னை ஈரப்பதத்துக்குப் பெல்ட் பிழிகிற அளவுக்கு நனையும். ஜிப்லாக் கவரில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்துவிட்டு வையுங்கள். கையில் கட்டுகிற ஆர்ம்பேண்டை நான் சொல்ல மாட்டேன். இன்றைய போன்கள் பலவும் 200 கிராம் அளவுக்கு இருக்கின்றன. ஒரு கைக்கு மட்டும் 200 கிராம் கட்டி வீசினால் தோள்தான் கேள்வி கேட்கும்.

ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் போனைச் செருகுகிற பழக்கம் பலருக்கு உண்டு. போனுக்கும் நல்லதில்லை, தோலுக்கும் நல்லதில்லை. முதுகுப்பக்கம் பாக்கெட் வைத்துத் தைத்த பிராவாக இருந்தால் சரி.

சாவிக்கொத்தை வீட்டிலேயே விடுங்கள். பிள்ளையார் பொம்மை, பாட்டில் ஓப்பனர் எல்லாம் தொங்குகிற கொத்து எதற்கு? வாசல் சாவி ஒன்றை மட்டும் கழற்றி, ஷூ லேஸில் கோத்து இரட்டை முடிச்சுப் போட்டு, தலைப்பை உள்ளே செருகிவிடுங்கள். பணம் 100 ரூபாய்த் தாளாக அதே ஜிப்லாக்கில். ‘போனில்தான் ஜிபே இருக்கிறதே’ என்பீர்கள். வியர்வை விரலுக்குப் போன் திறக்காது, கைரேகையும் எடுக்காது. இளநீர்க்காரர் எதிரில் நின்று விரலைத் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கூடவே ஒரு சின்ன அட்டை: பெயர், ரத்த வகை, வீட்டார் எண் இரண்டு. போன் பூட்டியிருந்தாலும் அட்டையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

தாலிக்கொடி. நிறைய பேர் கேட்கத் தயங்குகிற கேள்வி, நீங்கள் கேட்டீர்கள். ஓடும்போது மட்டும் மஞ்சள் கயிற்றுக்கு மாறிக்கொள்கிறவர்களைத் தெரியும். அது அவரவர் வீட்டு விஷயம். கழற்ற மனமில்லை என்றால் கொடியை உள்ளே விட்டு, சின்ன ஊக்கால் பிரா பட்டையின் உள்பக்கம் இரண்டு இடத்தில் சேர்த்துக் குத்திவிடுங்கள். கழுத்தைச் சுற்றிலும் கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி. வெளியே தெரியாமல் இருப்பதால் பைக்கில் வந்து அறுக்கிறவன் கண்ணுக்கும் படாது.

*நான் காலேஜ் மாணவன். கடையில் விற்கிற பெல்ட் எல்லாம் என் கைச்செலவுக்குக் கட்டாது. நீங்கள் தையல் தெரிந்தவர் என்பதால் கேட்கிறேன், நாமே தைக்க முடியுமா?*
— வாசகர், கோயம்புத்தூர்

முடியும் தம்பி. உன் கடிதத்துக்காகத்தான் இந்த மாதம் பக்கத்தை இழுத்து வாங்கினேன்.

ஒரு நாள் திருப்பூர் பஸ் ஏறி காதர்பேட்டைக்கு வா. எக்ஸ்போர்ட் மிச்சத்தில் லைக்ரா கலந்த பாலியெஸ்டர் துண்டுத் துணி கிடைக்கும். கையால் இழுத்து விட்டால் அப்படியே பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். இழுத்த இடம் தொளதொளவென்று நின்றால் வைத்துவிட்டு வா. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் விரல் தெரியாத கனம் இருக்கட்டும். 220 ஜி.எஸ்.எம்.முக்கு (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற கனக் கணக்கு) மேல் என்று கேட்டால் கடைக்காரருக்குப் புரியும்.

இடுப்பெலும்பைச் சுற்றி டேப் வைத்து அள. வந்த அளவில் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, தையலுக்கு ஓர் அங்குலம் கூட்டிக்கொள். 32 அங்குலம் என்றால் 30 அங்குல நீளம். அகலம் 9 அங்குலம். துணியின் இழுவை இடுப்பைச் சுற்றிப் போகிற திசையில் வர வேண்டும், இதை மாற்றி வெட்டினால் எல்லாம் வீண். முதலில் இரண்டு ஓரத்தையும் சேர்த்து வளையமாக அடி. அப்புறம் நீளவாக்கில் இரண்டாக மடி. இப்போது நாலு அங்குல உயரத்தில் ஒரு குழாய் கிடைக்கும். திறந்திருக்கிற விளிம்பைச் சுற்றி அடித்துக்கொண்டே வரும்போது, முன்னால் ஒரு 5 அங்குலம், பின்னால் ஒரு 5 அங்குலம் அடிக்காமல் விட்டுவிடு. அவை இரண்டும் பாக்கெட் வாய். வாயின் ஓரங்களை மட்டும் மடித்து அடித்துவிடு. போடும்போது அந்த வாய் உடம்புப் பக்கம் வருகிற மாதிரி பெல்ட்டைத் திருப்பிப் போட்டால், இடுப்பு அழுத்தியே வாய் மூடிக்கொள்ளும். ஜிப்பே தேவையில்லை. பனியனுக்கு மேலே போடு, தையல் தோலில் படாது.

ஓவர்லாக் மெஷினில்தான் அடிக்க வேண்டும். சாதாரண மெஷின்தான் இருக்கிறது என்றால் ஜிக்ஜாக் போடச் சொல். நேர்த்தையல் போட்டால் காலில் ஏற்றும்போதே நூல் பட்பட்டென்று தெறித்துவிடும். துணி நீளும், நூல் நீளாது.

இதற்கும் சோம்பல் என்றால், வீட்டில் அக்கா, தங்கையின் பழைய லெக்கிங்ஸ் இருக்கும். அகலமான இடுப்புப் பட்டை வைத்ததாகப் பார்த்துக் கேட்டு வாங்கி, பட்டையை மட்டும் வெட்டி எடு. இரட்டை மடிப்பாகவே இருக்கும். உள்பக்கம் கீறி வாய் வைத்தால் வேலை முடிந்தது. தண்ணீர்க் குப்பியை மட்டும் இதில் செருகாதே, அந்தக் கனத்தைத் தாங்காது.

*பாட்டிலில் வெறும் தண்ணீரா, இளநீரா, மோரா, ஓ.ஆர்.எஸ்.ஸா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.*
— வாசகர், சேலம்

ஒரு மணி நேரத்துக்குள் என்றால் வெறும் தண்ணீர். அதற்கு மேல் ஓடுகிறீர்கள், பனியனில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கிறது என்றால் ஓ.ஆர்.எஸ்.

இளநீர் அருமையான சாமான்தான், ஆனால் ஓடி முடித்த பிறகு. அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு; வியர்வையில் நாம் அதிகம் இழப்பது சோடியம். தவிர, உடம்புச் சூட்டில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் ஆடிக்கொண்டே வந்தால் புளித்து நாறும். மோரும் அப்படியே, வீட்டுக்கு வந்து குடியுங்கள்.

ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன அளவு என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த அளவுப்படி ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், சமையலுப்பு 2.6 கிராம், கூட பொட்டாசியம் உப்பும் சிட்ரேட்டும். இதே பெயரை ஒட்டிக்கொண்டு சர்க்கரைப் பானங்கள் டெட்ரா பாக்கெட்டில் விற்றுக்கொண்டிருந்தன. 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று உத்தரவிட்டது. இன்னொன்று, பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. அதை அப்படியே அரை லிட்டர் பாட்டிலில் கொட்டினால் உப்பு இரண்டு மடங்காகி வயிறு கலக்கும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் மருந்துக் கடையில் கிடைக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடுங்கள்.

*எனக்கு 54 வயது. சர்க்கரைக்கு மாத்திரையும் இரவில் இன்சுலினும் எடுக்கிறேன். டாக்டர் ஓடலாம் என்று அனுமதித்துவிட்டார். கையில் என்ன வைத்திருக்க வேண்டும்? கடலை மிட்டாய் போதுமா?*
— வாசகர், திருச்சி

அண்ணா, கடலை மிட்டாய் போதாது. கோவில்பட்டிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கடலையில் இருக்கிற எண்ணெய், சர்க்கரை ரத்தத்தில் ஏறுவதைத் தாமதப்படுத்தும். சர்க்கரை இறங்கிக் கை நடுங்கும்போது உங்களுக்கு வேண்டியது உடனே ஏறுவது. பொதுவாக 15 கிராம் என்று டாக்டர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள்: 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, 15 நிமிடம் உட்கார்ந்து, திரும்ப சர்க்கரை பார்ப்பது. மூன்று ஸ்பூன் சர்க்கரை ஏறத்தாழ அவ்வளவு வரும். குளுக்கோஸ் பொடியை அந்த அளவுக்குச் சின்ன ஜிப்லாக்கில் கட்டி இரண்டு பொட்டலம் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று போதாமல் போகலாம். நடுங்குகிற கையால் முடிச்சை அவிழ்க்க முடியாது. ஆகவே நூல் சுற்றிய பொட்டலம் வேண்டாம். பெல்ட்டில் முன்பக்கம், வலது கை போகிற இடத்தில் இருக்கட்டும். தண்ணீரும் கையோடு வேண்டும், பொடியை வெறும் வாயில் போட்டால் தொண்டையில் அடைக்கும்.

‘சர்க்கரை நோயாளி, இன்சுலின் எடுப்பவர்’ என்று எழுதிய அட்டை கண்டிப்பாக வேண்டும். மயங்கி விழுந்தால் விடிகாலையில் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொண்டு ஒதுங்கிப் போய்விடுவார்கள். கொஞ்ச நாளைக்கு யாராவது ஒருவரோடு சேர்ந்தே ஓடுங்கள்.

*சிங்கப்பூரில் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி ஓடுகிறேன். தாகம் எடுப்பதற்கு முன்பே குடித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நண்பர்கள் சொல்வதால் ஒன்றரை லிட்டர் சுமக்கிறேன். அவ்வளவு தேவையா?*
— வாசகர், சிங்கப்பூர்

தேவையா என்று உங்கள் வீட்டு எடை மெஷினைக் கேளுங்கள். ஓடுவதற்கு முன் உடை இல்லாமல் எடை பாருங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, துடைத்துக்கொண்டு, மறுபடியும் பாருங்கள். 62.4 கிலோ 61.6 ஆகியிருக்கிறது, நடுவில் 300 மில்லி குடித்தீர்கள் என்றால், 800-ம் 300-ம் சேர்த்து மணிக்கு 1.1 லிட்டர் உங்கள் வியர்வை. அதை முழுக்கத் திருப்பி ஊற்ற வேண்டியதில்லை. உடம்பெடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு குறைவதைப் பெரும்பாலோர் தாங்குவார்கள். தாகம் எடுத்தால் குடிக்கிற வழக்கம் நம்மில் முக்கால்வாசிப் பேருக்குப் போதும்.

அதிகம் குடிப்பதிலும் ஆபத்து உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2002 பாஸ்டன் மராத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பார்த்ததில், நூற்றுக்கு 13 பேருக்குச் சோடியம் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே இருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கு, அதாவது இழந்ததைவிட அதிகம் குடித்தவர்களுக்கு, அது மிக அதிகம். ஓடி முடித்ததும் எடை ஏறியிருந்தால் நீங்கள் குடித்தது அதிகம் என்று அர்த்தம். மோதிரம் இறுகுவது, தலைவலி, குமட்டல் எல்லாம் அதன் அறிகுறிகள். உங்கள் கணக்கு வந்த பிறகு பாட்டிலை முடிவு செய்யுங்கள். ஒன்றரை லிட்டர் வேண்டியிருக்காது என்பது என் ஊகம்.

*ஜவ்வாது மலையில் 50 கிலோமீட்டர் ஓடப் போகிறேன். முதல் தடவை. வெஸ்ட் வாங்கிவிட்டேன். எதை எங்கே அடுக்குவது?*
— வாசகி, வேலூர்

நடத்துகிறவர்கள் கொடுத்திருக்கும் கட்டாயப் பொருள் பட்டியல்தான் உங்களுக்கு முதல் வேதம். ஆல்ப்ஸ் மலையில் நடக்கும் யு.டி.எம்.பி. ஓட்டத்தில் குறைந்தது ஒரு லிட்டர் தண்ணீர்க் கொள்ளளவு, விசில், வெப்பம் காக்கும் போர்வை, செல்போன் எல்லாம் இல்லாமல் ஓட விடமாட்டார்கள். நம் ஊரில் பட்டியல் சின்னதாக இருந்தாலும் விசிலையும் தலைவிளக்கையும் விடாதீர்கள். பேப்பர் கப் தராத ஓட்டமா என்று கேட்டுக்கொண்டு மடக்குகிற கப் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடிக்கடி வேண்டியது முன்னால், எப்போதாவது வேண்டியது பின்னால். முன்பாக்கெட்டில் இரண்டு மெத்துப் பாட்டில், தின்பண்டம், உப்பு. பின்னால் மேல்பக்கம் மழைச்சட்டை, உருண்டையாகச் சுருட்டாமல் தட்டையாக மடித்து. பின்பையில் கனமான சாமான் அடியில் தொங்கினால் இடுப்பில் இடித்துக்கொண்டே வரும். இரண்டு பாட்டிலையும் மாற்றி மாற்றிக் குடியுங்கள்; ஒன்றை மட்டும் காலி செய்தால் ஒரு பக்கம் சாயும். வெஸ்ட் பெண்களுக்கான அளவுதானே? ஆண்கள் அளவில் பாட்டில்கள் மார்பின் மேலேயே அழுத்தும். நெஞ்சு வார் இரண்டையும் மேலும் கீழும் நகர்த்தி, மார்புக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று வையுங்கள்.

முதுகில் குழாய் வைத்த தண்ணீர்ப் பையும் போடுவதாக இருந்தால், நிரப்பி மூடியதும் தலைகீழாகப் பிடித்துக் குழாயில் வாய் வைத்துக் காற்றை உறிஞ்சிவிடுங்கள். சளப்புச் சத்தம் நின்றுவிடும். இந்தப் பையின் கதை எனக்குப் பிடிக்கும். 1980களின் கடைசியில் டெக்சஸில் கொளுத்துகிற வெயிலில் நடக்கும் 100 மைல் சைக்கிள் ஓட்டத்துக்கு, ஆம்புலன்ஸில் வேலை பார்த்த ஒருவர், மருத்துவமனை டிரிப்ஸ் பையில் தண்ணீர் நிரப்பி, அதை நீளமான காலுறைக்குள் போட்டு, சட்டை முதுகில் வைத்துத் தைத்துவிட்டார். குழாயைத் தோள் மேல் கொண்டு வந்து துணி உலர்த்துகிற கிளிப்பால் கவ்விக்கொண்டார். கேமல்பேக் கம்பெனி பிறந்தது அந்தத் தையலில்தான். கோவைத் தம்பி கவனிக்க.

பந்தயத்துக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பிருந்தே முழுப் பாரத்தோடு நீண்ட ஓட்டம் ஓடிப் பழகுங்கள். எங்கே உரசுகிறது என்று குளிக்கும்போது தண்ணீர் பட்டதும் தெரிந்துவிடும். எரிகிற இடத்தை நினைவில் வைத்து, அடுத்த தடவை அங்கே ஜெல்லி தடவிக்கொள்ளுங்கள்.

*வெஸ்ட்டும் மெத்துப் பாட்டிலும் நாறுகின்றன. வாஷிங் மெஷினில் போடலாமா?*
— வாசகர், கரூர்

வெஸ்ட்டைப் போடாதீர்கள், வலைத்துணி கொக்கியில் மாட்டிக் கிழியும். பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு அரை மணி ஊற வைத்துக் கையால் அலசுங்கள். கம்ஃபோர்ட் வகையறா வேண்டாம், துணி வியர்வையை இழுக்கிற குணமே போய்விடும். முறுக்கிப் பிழியாமல் நிழலில் காயப் போடுங்கள். வெயிலில் தொங்கவிட்டால் எலாஸ்டிக் செத்துவிடும்.

பாட்டிலுக்கு வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ஸ்பூன் சமையல் சோடா, ராத்திரி முழுக்க. கொதிக்கிற தண்ணீர் ஊற்றினால் ஒட்டு விட்டுப்போகும். கடிக்கிற வால்வைக் கழற்றிப் பழைய டூத் பிரஷால் தேயுங்கள். நாற்றம் பெரும்பாலும் அங்கேதான் குடியிருக்கும். உள்ளே மரக்கரண்டிக் காம்பைச் செருகிக் கவிழ்த்து வைத்தால் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் காயும். காய வைக்க நேரம் இல்லாவிட்டால் அப்படியே ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள், பூஞ்சை பிடிக்காது. குழாயில் கறுப்புப் புள்ளி விழுந்துவிட்டால் தேய்த்துக்கொண்டிருக்காமல் குழாயை மட்டும் புதிதாக வாங்கிப் போடுங்கள், தனியாகக் கிடைக்கும்.